சக்கர நாற்காலிக்கு ஸ்டெப் கணக்கு சரிப்படாது: என் அனுபவம்

கையால் தள்ளும் சக்கர நாற்காலி என்னுடையது. ஒரு நாளில் எவ்வளவு தள்ளுகிறேன் என்று பார்க்க மணிக்கட்டில் அசைவை அளக்கும் சென்சார் பட்டை ஒன்றைக் கட்டினேன். எண்கள் தாறுமாறு. வெங்காயம் நறுக்கினால் கடும் உழைப்பு என்றது. சாய்தளத்தில் மூச்சு வாங்க ஏறியதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பட்டையை இறுக்கினேன், கை மாற்றினேன். உணர்திறனைக் குறைத்ததும் வீட்டுக்குள் மெதுவாகத் தள்ளியதெல்லாம் காணாமல் போயிற்று.

வழி சக்கரத்தில்தான் இருந்தது. இன்னொரு சென்சாரை ஆரக்கம்பியில், அச்சுக்குப் பக்கத்தில், கேபிள் டை போட்டுக் கட்டினேன். சக்கரம் ஒரு சுற்று சுற்ற, சென்சாரும் தலைகீழாகித் திரும்புவதால் அது உணரும் புவியீர்ப்பின் அளவு ஒருமுறை ஏறி இறங்கும். அதை எண்ணினால் எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். 24 அங்குலச் சக்கரமென்றால் சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர். கையும் சக்கரமும் சேர்ந்து அசைந்தால் நான் தள்ளியது. சக்கரம் மட்டும் ஓடினால் யாரோ பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். கை மட்டும் என்றால் சமையல், அல்லது என் வாய்ப்பேச்சு!

அப்படியும் மாலை நேரக் கணக்கு இடித்தது. இரண்டு சென்சாரின் கடிகாரமும் பொழுது போகப் போக நொடிக்கணக்கில் விலகியிருந்தன. இதைத்தான் பலரும் கவனிக்க மாட்டார்கள். இப்போது காலையிலும் இரவிலும் பட்டை கட்டிய கையால் சக்கர வளையத்தில் பலமாக மூன்று தட்டு. இரண்டு சென்சாரும் வரையும் அசைவுக் கோட்டில் முள் போல மூன்று கூர்முனை நிற்கும். அவற்றைப் பொருத்தினால் நேரம் சரியாகிவிடுகிறது. அப்பாடா!

ஏற்றத்தில் படும் பாடு மட்டும் இதில் வராது. அதற்கு மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை வாங்க வேண்டும்.