சிறிய அறக்கட்டளையின் சிஎஸ்ஆர் விண்ணப்பம்: செலவுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கிராமங்களில் மாலை நேரக் கற்பித்தல் மையங்களை நடத்தும் சிறிய அறக்கட்டளைகள், நிறுவனங்களிடம் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) நிதி கேட்கும்போது முன்னுரையை முதலில் எழுதிவிட்டு, செலவுப் பட்டியலைக் கடைசி நாள் இரவில் சேர்ப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். யாருக்கு, எத்தனை மாதம், எதைச் செய்யப்போகிறோம் என்பதைச் செலவுக் கணக்கு போடும்போதுதான் நாமே தெளிவாக உணர்கிறோம்.

அதற்கு முன் ஆவணங்களைச் சரிபார்த்துவிடுங்கள். 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135 ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றையேனும் எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணியை உங்கள் அறக்கட்டளை வழியாகச் செய்வதற்கு வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகளும், மூன்றாண்டுப் பணி அனுபவமும், 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் பெறும் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் தேவை.

இனிக் கணக்கு. ஐந்து மையங்களில் 150 குழந்தைகளுக்குப் பத்து மாதம் வகுப்பு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மையத்துக்கு ஓர் ஆசிரியர், மாதம் 6,000 ரூபாய் மதிப்பூதியம் என்றால் 3,00,000 ரூபாய். குழந்தைக்கு 400 ரூபாய் வீதம் நோட்டு, புத்தகம், எழுதுபொருள்களுக்கு 60,000 ரூபாய். மாதம் 18,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருங்கிணைப்பாளர் தம் நேரத்தில் பாதியை இத்திட்டத்துக்குத் தருகிறார் எனில், அந்தப் பாதியை மட்டும் எழுத வேண்டும். ஆனால் தொடக்க ஏற்பாட்டுக்கும் இறுதி அறிக்கைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு மாதத்துக்கு 1,08,000 ரூபாய் என எழுத வேண்டும். பயணத்துக்கு 25,000 ரூபாய். அலுவலக வாடகை, கணக்கர் ஊதியம், தணிக்கைக் கட்டணம் ஆகியவற்றில் இத்திட்டத்தின் பங்காக 45,000 ரூபாய். மொத்தம் 5,38,000 ரூபாய். குழந்தைக்குச் சுமார் 3,590 ரூபாய். ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அதன் பெருக்கல் கணக்கையும் காட்டுங்கள். மொத்தத் தொகையை மட்டும் தரும் பட்டியலைப் படிப்பவர் எதையும் சரிபார்க்க முடியாது.

கடைசித் தலைப்பான அந்த 45,000 ரூபாயைத்தான் பல அமைப்புகள் அஞ்சி விட்டுவிடுகின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் வழக்கம். ஏனெனில் அந்தச் செலவு எப்படியும் வந்தே தீரும், அதைச் சொற்ப ஊதியம் வாங்கும் பணியாளர்களே கடைசியில் சுமக்கிறார்கள். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருக்கிறதே என்று யாரேனும் கேட்டால், விதியின் சொற்களைப் பணிவுடன் எடுத்துக்காட்டுங்கள். நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பணிகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கே அந்த வரம்பு உண்டு. குறிப்பிட்ட ஒரு திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. வெளிநாட்டு நிதிக்கான 20 சதவீத வரம்பு வேறொரு சட்டத்தைச் சேர்ந்தது. அதை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கணக்கு முடிந்த பிறகு விளக்கவுரை எளிதாகவே வரும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு செலவுக்கும் உரையில் ஒரு செயல் இருக்க வேண்டும். உரையில் சொன்ன ஒவ்வொரு செயலுக்கும் பட்டியலில் ஒரு தொகை இருக்க வேண்டும். ஆண்டு இறுதியில் பெற்றோர் கூட்டம் என்று எழுதிவிட்டு அதற்குப் பணம் ஒதுக்காத விண்ணப்பம், பரிசீலிப்பவரின் கண்ணில் உடனே படும்.

நிதி கிடைத்தால், இத்திட்டத்தின் வரவு செலவைத் தனிப் பேரேட்டில் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். கொடுத்த பணம் உரிய நோக்கத்துக்கே செலவானது என்று அந்த நிறுவனத்தின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டியிருப்பதால், அவர்கள் உங்களிடம் பட்டயக் கணக்காளர் கையொப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழைக் கேட்பார்கள். ஒரு தலைப்பில் மிஞ்சிய பணத்தை மற்றொன்றுக்கு மாற்ற நேர்ந்தால், செலவு செய்வதற்கு முன்பே எழுத்துமூலம் ஒப்புதல் பெற்று, அந்தக் கடிதத்தைச் செலவுச் சீட்டுகளுடன் கோத்து வையுங்கள்.