விபத்துப் பிரிவில் வேலை பிரிக்கும்போது

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் தாதியரை மேற்பார்க்கும் அக்காமார்களுக்கு: 995 ஆம்புலன்ஸ் வருகிறது என்று தகவல் கிடைத்த பிறகு ஆள் பிரிக்காதீர்கள். ஷிஃப்ட் தொடங்கும்போதே சுவாசத்தைக் கவனிக்க யார், மருந்துக்கு யார், ரத்தம் வாங்கிவர யார் என்று பெயர் சொல்லிவிடுங்கள்.

முக்கியமாக, நேரம் குறிக்கும் வேலையைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டாதீர்கள். எழுதுவதுதானே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. டூர்னிக்கெட் (ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கும் பட்டை) கட்டி எவ்வளவு நேரமாகிறது என்று உரக்கச் சொல்ல வேண்டியவர் நேரம் குறிப்பவர்தான். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைக் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். டாக்டரையே இடைமறித்துக் கேட்கும் தைரியம் அனுபவத்தில்தான் வரும். நேரம் குறிக்க அனுபவசாலியை வைத்து, புதியவரை அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். அப்புறம், சாப்பாட்டு வேளைக்கு மாற்று ஆளையும் அப்போதே எழுதிவிடுங்கள்.