தீவில் கன்று விற்பது: புதிதாகக் கிராஃப்ட் எடுத்தவர்கள் சறுக்கும் இடங்கள்

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் கிராஃப்ட் ஒன்று விலைக்கு வந்தால், விளம்பரத்தில் வெள்ளைச் சுவர் வீடும் பின்னால் கடலும் இருக்கும். பலருக்கு முதல் சறுக்கல் அந்தப் படத்திலேயே. கிராஃப்ட் என்பது வீடல்ல, நிலம்: சில ஏக்கர் சொந்தப் பாட்டுக்கு, அதோடு ஊர்ப் பொது மேய்ச்சலில் ஒரு பங்கு. பெரும்பாலும் கைக்கு வருவது குத்தகை உரிமைதான். நாலாபக்கமும் சட்டத்தால் வேலி போட்ட துண்டு நிலம் என்று அங்குள்ளவர்களே கேலி பேசுவார்கள். குத்தகைக்காரர் நிலத்திலிருந்து 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். நிலத்தைப் பாழ்போடக் கூடாது. ஆண்டுதோறும் கிராஃப்டிங் ஆணையத்துக்கு விவரம் எழுதி அனுப்ப வேண்டும். ஆணையத்தின் அனுமதி இல்லாமல் கோடைக்கு மட்டும் வந்துபோகிற திட்டம் செல்லாது.

பொது மேய்ச்சலை இலவசப் புல் என்று நினைப்பது அடுத்தது. யாருக்கு எத்தனை மாடு, எத்தனை செம்மறி ஆடு என்று அளவு உண்டு. அதற்கு ‘சூமிங்’ என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு மேய்ச்சல் குழுவும் எழுத்தரும் இருப்பார்கள். ஸ்கை தீவின் பிரேஸ் பகுதியில் 1882இல் குத்தகைக்காரர்கள் கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீஸோடு கல்லும் கம்புமாக மோதியதே பென் லீ என்ற குன்றின் மேய்ச்சல் உரிமைக்காகத்தான். அந்தக் கொந்தளிப்பின் விளைவாகத்தான் 1886இல் குத்தகைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படிக் கிடைத்த மேய்ச்சலில் கேட்காமல் நாலு ஆடு கூடுதலாக விட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் ஆட்டை மலையிலிருந்து இறக்கிப் பட்டியில் அடைக்கும் நாளில் உங்களுக்கு உதவ ஆள் இருக்காது. எவ்வளவு கெட்டிக்கார மேய்ப்பு நாய் இருந்தாலும் தனி ஆளாக மலையைக் காலி செய்ய முடியாது.

பணம் போவது பெரும்பாலும் விற்பனையில்தான். தீவில் கன்றைக் கொழுக்க வைத்து விற்பவர் குறைவு. குளிர்காலத் தீனியின் பெரும்பகுதி கப்பலேறி வர வேண்டும், கட்டுப்படியாகாது. ஆகவே ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நடக்கும் ஏலங்களில் கன்றையும் குட்டியையும் பெருநிலத்துப் பண்ணைக்காரருக்குக் கைமாற்றிவிடுவார்கள். வடக்கு யூயிஸ்ட் தீவுக்காரருக்கு லோக்மேடியில் ஏலம், லூயிஸ் தீவுக்காரருக்கு ஸ்டோர்னோவேயில். ஏல நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரை தீனி போட வேண்டும், அல்லது உங்கள் செலவில் கன்று கடல் தாண்டிப் போக வேண்டும்.

அந்த ஒரு நாளைக் கெடுப்பது பெரும்பாலும் காகிதம். கன்றுக்கு இரண்டு காதுவில்லை, ‘பாஸ்போர்ட்’ என்ற அடையாளப் பத்திரம் ஒன்று. பிறந்த 27 நாளுக்குள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்காமல் விட்டால் அது கிடைக்காமலே போகலாம். பாஸ்போர்ட் இல்லாத மாடு இறைச்சிக்குப் போக முடியாது, எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும். அடுத்து பி.வி.டி. என்ற வைரஸ் நோய். மந்தைக்கு ‘நெகட்டிவ்’ நிலை இல்லையென்றால் ஒவ்வோர் உருப்படியையும் பரிசோதித்த பிறகே வெளியே அனுப்பலாம். பிறவியிலேயே அந்த வைரஸைச் சுமக்கும் கன்று பார்வைக்குத் திடமாகவே இருக்கலாம்; பரிசோதனையில் அகப்பட்டால் அது வெளியே போகக் கசாப்புக்கூடம் ஒன்றே வழி.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் மாட்டிக்கொள்கிற இடம் 13 நாள் விதி. வெளியிலிருந்து மாடோ ஆடோ ஒன்று உங்கள் நிலத்துக்குள் வந்தால், அன்றிலிருந்து 13 நாள் உங்கள் மாடு, ஆடு எதுவும் வெளியேறக் கூடாது. 2001இல் கோமாரி நோய் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றில் பலவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பத்து நாள் முன்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்று பெட்டையாடு வாங்கினவர், ஏலத்தன்று தன் கன்றுகளோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

கால்நடையின் உடம்பு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யூயிஸ்ட், டைரீ தீவுகளின் கடலோரம் ‘மகர்’ எனப்படும் சிப்பிமணல் புல்வெளி. பூ பூத்துக் கண்ணைப் பறிக்கும். ஆனால் கோபால்ட்டும் தாமிரமும் போதாத மண். புல் நிறைய இருந்தும் குட்டிகள் தேயும். சரி, தாது உப்பு வைப்போம் என்று மாட்டுக்கான வாளியை ஆட்டுப் பட்டியில் வைத்தால் இன்னும் மோசம்: மாட்டுக்கு வேண்டிய தாமிரம் செம்மறிக்கு நஞ்சு. ஓர்க்னித் தீவுகளின் நார்த் ரொனால்ட்சே இனச் செம்மறி கடற்பாசி தின்றே வாழ்வது. தாமிரத்தை அது கொஞ்சமும் தாங்காது. இரத்தப் பரிசோதனை செய்து, கால்நடை மருத்துவர் சொன்ன பிறகு கொடுப்பதே சரி.

ஏலத்துக்கு முதல் நாள் தாயிடமிருந்து பிரித்து, கத்தக் கத்த லாரியில் ஏற்றும் பழக்கமும் விடவேண்டியது. பால் மறந்த கவலை, பயணம், புதுக் கூட்டம் மூன்றும் சேர்ந்தால் நுரையீரல் சளியில் முடியும். சில வாரம் முன்பே பால் மறக்கடித்த கன்றை வாங்குகிறவர்கள் விரும்புவது இதனால்தான். அவர்கள் தேடும் இன்னொன்று ஒரே அச்சு. பத்துக் குட்டி ஒரே அளவில் நின்றால் கை உயரும். பெரிதும் சிறிதுமாக நின்றால் சிறியதன் விலைதான் எல்லாவற்றுக்கும். நாலு பசு வைத்திருப்பவருக்கு ஒரே அச்சு எங்கிருந்து வரும்? பொலிகாளை ஆண்டு முழுக்க மந்தையோடு திரிந்தால் வராது. இன்வர்னெஸ் அருகே நாக்னகேலில் அரசு வளர்க்கும் காளைகளை ஊர்க்குழுக்கள் பருவத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம். காளை வருவதும் போவதும் தேதிப்படி என்பதால் ஈற்றும் நெருக்கமாக அமையும்.

ஏல வளையத்தில் வீம்பு உதவாது. கேட்ட விலை வராவிட்டால் திருப்பி ஓட்டிக்கொண்டு போகும் உரிமை விற்பவருக்கு உண்டு. ஆனால் வெளியே அக்டோபர் காற்று, வீட்டில் குளிர்காலத்துக்கென்று புளிக்கவைத்துச் சேமித்த அளந்த புல். வாங்க வந்தவருக்கும் அது தெரியும். அதனால் எந்த விலைக்குக் கீழே போகாது என்பதைத் தீனிக் கணக்குப் போட்டு முதல் நாளே முடிவு செய்ய வேண்டும், கூட்டத்தின் நடுவே அல்ல. மாட்டில் குறை இருந்தால் ஏலக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதே ஆட்கள் அடுத்த ஆண்டும் அதே படிக்கட்டில்தான் உட்காருவார்கள்.

விற்று முடிந்ததும் வாங்கியவர் கையில் ‘அதிர்ஷ்டக் காசு’ என்று கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது பழைய வழக்கம். சட்டம் எதுவும் கேட்பதில்லை. பையில் சில்லறை வைத்துக்கொண்டு போங்கள்.