பேஸ்பால் அடிக்குப் பலம் தரும் பழைய ஃபுட்பால்
பேஸ்பால் ஆடும் பிள்ளைக்கு மெடிசின் பால் (எறிந்து பயிற்சி செய்யும் கனமான பந்து) வாங்கக் காசு போட வேண்டாம். ஃபுட்பாலுக்குப் பேர்போன வடசென்னை வியாசர்பாடிப் பக்கம் பழைய ஃபுட்பாலுக்கா பஞ்சம்? ஒரு தையலைப் பிரித்து உள்ளே இருக்கும் காற்றுப்பையை (பிளாடர்) எடுத்துவிட்டு மரத்தூளை இறுக்கி அடையுங்கள். எடை 2 கிலோ வர, முடிச்சிட்ட பையில் மணலை நடுவில் வைத்து, செருப்பு தைப்பவரிடம் மெழுகு நூலால் தைத்து வாங்குங்கள். வெறும் மணல் உள்ளே சரிந்து ஒருபக்கம் இழுக்கும்.

எறியும் திசைக்குப் பக்கவாட்டில் நின்று, முதலில் இடுப்பைத் திருப்பி, முழு வேகத்தில் எறியவேண்டும். பக்கத்துக்கு 6 எறி, 3 சுற்று, வாரம் 2 நாள். மெதுவாக எத்தனை எறிந்தாலும் வீண். அடியின் பலம் காலிலும் இடுப்பிலும் பிறந்துதான் கைக்கு வருகிறது.

12 வயதுக்குக் கீழே சின்னப் பந்தில் 1 கிலோ போதும். முதுகு, தோள் வலி இருந்தால் கூடவே கூடாது.