‘பெய்திருக்கிறது’ எல்லாம் ‘ஹேஸ் ரெயின்ட்’ ஆகிவிடாது

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பித்துவருகிறேன். ஒரு நாள் பிரசென்ட் பெர்ஃபெக்ட் பாடம். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வரும் வாக்கியத்தில் ‘யெஸ்டர்டே’ வரக்கூடாது என்று பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். “சார், காலையில் கதவைத் திறக்கிறேன். வாசல் நனைந்து கிடக்கிறது. ‘நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறேன். தமிழில் இது சரிதானே? ‘பெய்திருக்கிறது’ என்றால் ‘ஹேஸ் ரெயின்ட்’ என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். அப்புறம் ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ மட்டும் எப்படித் தவறாகும்?”

அன்று நான் விதியைத் திரும்பச் சொன்னேனே ஒழிய, அவர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. இந்தத் தவறு படிக்காததால் வருவதில்லை. தமிழை நன்றாக அறிந்தவர், அந்த அறிவை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால் வருகிறது.

நம்முடைய ‘இரு’ என்ற துணைவினை ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைச் செய்கிறது. ‘நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன்’ என்றால் அது என் அனுபவத்தில் உண்டு என்று பொருள். இங்கே ‘ஐ ஹேவ் ஸீன் தட் ஃபிலிம்’ கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ‘நேற்று மழை பெய்திருக்கிறது’ என்பதில் ‘இரு’ செய்வது வேறு வேலை. மழை பெய்ததை நான் பார்க்கவில்லை. நனைந்த வாசலை வைத்து ஊகிக்கிறேன் என்பதை அது சொல்கிறது. ‘நேற்று மழை பெய்தது’ என்றால் நேரடித் தகவல். ‘பெய்திருக்கிறது’ என்றால் தடயத்தைக் கண்டு சொல்வது. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை நாம் யோசிக்காமலே பேசுகிறோம். ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ தனியாக நின்று இந்த ஊகத்தைச் சுமப்பதில்லை. அதற்கு ‘மஸ்ட்’ வேண்டும்: ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’. ‘மஸ்ட்’ சேர்ந்துவிட்டால் ‘லாஸ்ட் நைட்’ தாராளமாக வரலாம். ஊகத்தைக் காட்டத் தேவையில்லை என்றால் ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ போதும்.

அந்தப் பெண்மணிக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

இனி விதிக்கு வருவோம். பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்ற பெயரிலேயே ‘பிரசென்ட்’ இருக்கிறது. நடந்தது பழைய செயல்தான். ஆனால் பேசுகிறவர் நிற்பது இன்றில். ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்றால் சாவி இப்போதும் கையில் இல்லை. ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்றால் தொலைந்தது மட்டும்தான் செய்தி. பிறகு கிடைத்துக்கூட இருக்கலாம். இப்படி இன்றோடு கட்டிப்போட்ட வாக்கியத்தில் ‘நேற்று’, ‘போன வாரம்’, ‘2018-இல்’ என்று முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லைச் சேர்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இது எல்லா மொழிகளுக்கும் பொதுவான தர்க்கம் அல்ல. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் இதே அமைப்போடு ‘நேற்று’ சேர்வது சாதாரணம். ஆங்கிலம்தான் பிடிவாதமாக மறுக்கிறது. மொழியியலாளர்களே இதை ஒரு புதிர் என்றுதான் அழைக்கிறார்கள். அதனால் இதில் தடுமாறுகிறவர்கள் வெட்கப்பட எதுவும் இல்லை.

நான் அதிகம் திருத்துவது வேலைக்கான விண்ணப்பங்களில் வரும் ஒரு வரியைத்தான்: ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2018’. எழுதுகிறவர் ‘ஹேவ்’ சேர்த்தால் மரியாதையாகவும் முழுமையாகவும் இருக்கும் என்று நினைக்கிறார். ஆண்டைக் குறிப்பிட்டால் ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2018’ என்று எழுத வேண்டும். ‘ஹேவ்’தான் வேண்டும் என்றால் ஆண்டை எடுத்துவிட வேண்டும். இரண்டில் ஒன்றுதான். ‘வென் ஹேவ் யூ கம்?’ என்று கேட்பதும் இதே பிழை. ‘வென்’ முடிந்த ஒரு நேரத்தைக் கேட்கிறது. ஆகவே ‘வென் டிட் யூ கம்?’

‘திஸ் மார்னிங்’ போன்ற சொற்களில் கவனம் தேவை. காலை பத்து மணிக்குப் பேசினால் காலை இன்னும் முடியவில்லை. ‘ஐ ஹேவ் ரிட்டன் டூ லெட்டர்ஸ் திஸ் மார்னிங்’ சரி. மாலையில் அதையே சொன்னால் ‘ஐ ரோட்’. சொல் மாறவில்லை, கடிகாரம்தான் நகர்ந்திருக்கிறது. ‘டுடே’, ‘திஸ் வீக்’ இரண்டும் இன்னும் முடியாத காலங்கள் என்பதால் ‘ஹேவ்’ அவற்றோடு இயல்பாகச் சேரும்.

அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று கேட்பது காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம். ‘யெட்’, ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’ வரும் இடங்களில் பிரிட்டிஷ் வழக்கு ‘ஹேவ்’ கேட்கும். அமெரிக்கப் பேச்சு வழக்கு சாதாரண இறந்த காலத்தையும் ஏற்கும். ‘யெஸ்டர்டே’ விஷயத்தில் இரு தரப்பும் ஒன்றுதான்.

அடுத்தது கால அளவு. ‘சின்ஸ் த்ரீ டேஸ்’ என்று தமிழர்கள் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நம் மொழி இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. ‘மூன்று நாட்களாக’ என்பதில் உள்ள ‘ஆக’ அளவைச் சொல்கிறது, அது ‘ஃபார்’. ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்பதில் உள்ள ‘இலிருந்து’ தொடக்கத்தைச் சொல்கிறது, அது ‘சின்ஸ்’. ‘மூன்று நாட்களிலிருந்து காய்ச்சல்’ என்று யாரும் தமிழில் சொல்வதில்லை. இந்தியில் இரண்டுக்கும் ‘ஸே’ என்ற ஒரே உருபு வருவதால் இந்தி பேசுகிறவர்கள் தடுமாறுவது இயல்பு. தமிழர்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

நமக்குச் சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. ‘ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே எடுத்து ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்கிறோம். வேண்டியது ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. நேர்காணலில் பதற்றத்தில் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று சொல்லிவிட்டால், அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்றே எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். ‘நோ’ (அறிதல்), ‘பிலீவ்’ (நம்புதல்) போன்ற வினைகளில் ‘இங்’ வராது: ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’.

‘போயிருக்கிறார்’ என்ற சொல்லையும் இங்கே பார்க்க வேண்டும். ‘அவர் லண்டனுக்குப் போயிருக்கிறார்’ என்றால் இப்போது அங்கே இருக்கிறார் என்றும் பொருள், முன்பு எப்போதோ போய்வந்தவர் என்றும் பொருள். சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. ‘ஹி ஹேஸ் கான் டு லண்டன்’ என்றால் ஆள் இங்கே இல்லை. ‘ஹி ஹேஸ் பீன் டு லண்டன்’ என்றால் போய்த் திரும்பிவிட்டார். ஆகவே எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் ‘ஐ ஹேவ் கான் டு லண்டன் ட்வைஸ்’ என்று சொன்னால் காதில் இடறும். ‘ஐ ஹேவ் பீன்’ என்பதே சரி.

‘போயிருக்கிறேன்’ இப்படி என்றால் ‘போயிருந்தேன்’ இன்னொரு வலை. ‘நேற்று வங்கிக்குப் போயிருந்தேன்’ நல்ல தமிழ். அதை ‘ஐ ஹேட் கான் டு த பேங்க் யெஸ்டர்டே’ என்று மாற்றி, அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்கிற ஆங்கிலேயர் மிச்ச வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். ‘ஹேட்’ என்றால் கடந்த காலத்தில் நடந்த வேறொன்றுக்கும் முன்பாக இது முடிந்திருந்தது என்று பொருள். அந்த வேறொன்று என்ன என்பது சொல்லப்பட வேண்டும், அல்லது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது எதுவும் இல்லாதபோது ‘ஐ வென்ட் டு த பேங்க் யெஸ்டர்டே’ போதும். அலுவலக மின்னஞ்சல்களில் ‘ஐ ஹேட் சென்ட் த ஃபைல் ஆன் மண்டே’ என்று எழுதுகிறவர்களும் ‘ஐ சென்ட்’ என்று மாற்றிக்கொள்ளலாம். நான் ஸ்டேஷனை அடைவதற்குள் ரயில் போய்விட்டிருந்தது என்றால்தான் ‘ஹேட்’டுக்கு வேலை: ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் லெஃப்ட்.’