போர்க்கால வழக்கைக் குறும்படமாக எழுதும் தம்பிமாருக்கு

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் மட்டக்களப்பில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள், வழக்குக் காட்சி என்றால் என்னைத் தேடி வருவார்கள். கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே காட்சிதான்: சட்டத்தரணி மேசையில் அடித்து முழங்குவார், கடைசி நேரத்தில் சாட்சி ஓடிவருவார். அது சென்னைப் படத்து வழக்கு. நம்முடையதை இப்படி எழுதிப் பாருங்கள்.

முதலில் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பிடியுங்கள். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேலானவரோ எடுத்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் கூண்டில் நிற்பவர்! ஆகவே கதையின் உச்சத்தை, ஒப்புதல் தானாக விரும்பிக் கொடுத்ததா என்று வழக்குக்குள்ளேயே பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணையில் வையுங்கள். அதற்குப் பிறகு தீர்ப்பு பாதிச் சடங்குதான்.

1993இல் மட்டக்களப்பில் பிடிபட்ட ஓர் இளைஞரின் வழக்கு நல்ல மாதிரி. சிங்களம் வாசிக்கத் தெரியாதவர். வாக்குமூலமோ சிங்களத் தட்டச்சில், கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். மொழிபெயர்த்தவரும் பொலிஸ்காரர். கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடம் விதித்தது, மேன்முறையீட்டில் 35 ஆனது. நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் கட்டியது தவறு என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2006இல் நாட்டின் உச்ச மன்றமான நமது உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அந்த வாக்குமூலம் எழுதும் காட்சியை எடுக்கும்போது கமராவை மேசைக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். பொடியன் தமிழில் நாலு வசனம் சொல்லட்டும். மொழிபெயர்ப்பவர் சிங்களத்தில் அரை வசனம் சொல்லட்டும். தட்டச்சுக்காரர் ஒரு பக்கம் நிறைய அடிக்கட்டும். இசை வேண்டாம், மெஷின் சத்தம் போதும். சிங்களப் பேச்சுக்குக் கீழே தமிழ் எழுத்தும் போடாதீர்கள். அவனுக்கு விளங்கிய அளவு பார்க்கிறவருக்கும் விளங்கினால் சரி.

அப்புறம், காலம். வழக்கில்லாமலே அடைத்து வைக்கும் தடுப்புக் கட்டளை அப்போது மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை நீண்டது (2022இல்தான் 12 ஆக்கினார்கள்). அம்மா கொழும்பு பஸ் ஏறுவதும், புணானைச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டுவதும், போய்ச் சேர்ந்தால் வழக்கு மறு தவணைக்குப் போயிருப்பதும் இரண்டு தரமாவது வரட்டும். எடிட்டர் முணுமுணுப்பார், விடுங்கள்.

நீதிபதியை வில்லனாக்க வேண்டாம். சட்டத்தை வரி பிசகாமல் பின்பற்றுகிறவராக இருந்தால் காட்சி இன்னும் கனக்கும்.

மொழிபெயர்ப்பாளர் வேடத்துக்குச் சிங்களம் சரளமாகப் பேசுகிறவரைப் போடுங்கள். பாடமாக்கிய சிங்களம் முதல் வசனத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என்னோடு வேலை செய்த இரண்டு பேர் ஏறாவூரில் இருக்கிறார்கள்.