தெர்மோஸ்டாட்டை அணைத்தும் நிற்காத பாய்லர்

மேல்மாடியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை அணைத்த பிறகும், வீட்டைச் சூடாக்க வெந்நீர் தரும் பாய்லர் எரிந்துகொண்டே இருந்தது, அந்த வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்களும் ஆறவில்லை. முதலில் தெர்மோஸ்டாட்டைத்தான் சந்தேகப்பட்டேன், புதிதாக மாற்றினேன், பலனில்லை. அப்புறம் டைமர், வயரிங் பெட்டி என்று இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் மல்டிமீட்டரில் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. மேல்மாடிக்குப் போகும் வெந்நீரைத் திறந்து மூட ஒரு மோட்டார் வால்வு இருக்கிறது. அதன் மோட்டாருக்குப் போகும் பழுப்பு வயரில் மின்சாரமே இல்லை, ஆனால் பாய்லருக்குக் கட்டளை கொண்டுபோகும் ஆரஞ்சு வயரில் 230 வோல்ட் இருந்தது. அதாவது வால்வு இன்னும் திறந்திருப்பதாக அதன் உள்ளே இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் (வால்வு திறந்ததும் பாய்லரை இயக்கும் குட்டி ஸ்விட்ச்) சொல்லிக்கொண்டிருக்கிறது. சரி, ஸ்விட்ச்தான் ஒட்டிக்கொண்டது என்று வால்வின் மேல் உட்காரும் மோட்டார் தலையை முழுதாக மாற்றினேன். ஒரே நாளில் பழைய கதை.

நான் கவனிக்காமல் விட்டது அந்தத் தலையின் பக்கவாட்டில், வால்வைக் கையால் திறக்க இருக்கும் சின்ன லீவரை. மின்சாரம் இல்லாதபோது அதைத் தள்ளினால் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ள வேண்டும். என்னுடையது தொளதொளவென்று ஆடியது, அப்படியென்றால் வால்வு மூடவே இல்லை.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தலையைக் கழற்றி, வால்வைத் திறந்து மூடும் பித்தளைத் தண்டை விரலால் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. மோட்டாருக்குத் திறக்கும் பலம் இருந்தது, திரும்ப மூட ஸ்பிரிங்குக்குத்தான் போதவில்லை. குறடால் மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பத் திருப்ப இளகி, கடைசியில் விரலுக்கே சுழன்றது. தலையை மாட்டியதும் லீவர் விறைப்பாக நின்றது, தெர்மோஸ்டாட்டை அணைத்த சில நொடிகளில் பாய்லரும் நின்றது. நிம்மதி. தண்டு மறுபடி இறுகினால் வால்வின் உடலையே மாற்ற வேண்டியதுதான்.